எழுதித் தேயும் கார்டு

கையடக்கக் கருவி திணறத் தொடங்கினால் அதை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பெரிய கார்டாப் போட்டா சரியாயிடுமா அண்ணா?" அரவேணுவில் செல்போன் பழுதுபார்க்கும் அந்தக் கடைக்காரர் இதற்கு உடனே பதில் சொல்வதில்லை. கார்டைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகி, எவ்வளவு இடம் மிச்சம் என்று முதலில் பார்க்கிறார். பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். இடம் தீர்ந்து படுத்த கார்டுகளை அவர் குறைவாகவே பார்த்திருக்கிறார். எழுதி எழுதித் தேய்ந்து போன கார்டுகள்தான் அவர் மேஜைக்கு அதிகம் வருகின்றன.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது அரவேணு. சிறு விவசாயிகள் பறித்து வைத்த பச்சை இலையை இலை வண்டி வந்து எடை போட்டு ஃபேக்டரிக்கு ஏற்றிப் போகும் வட்டாரம் இது. மொத்த எடை, ஈரத்துக்குக் கழிவு, நிகர எடை, கையில் ஒரு ரசீது. நோட்டும் கார்பன் தாளும் செய்துவந்த இந்த வேலையை, ஓர் இலை வியாபாரியின் வண்டிகளில் இப்போது கையடக்கப் பெட்டிகள் செய்கின்றன. அவற்றைப் பூட்டிக் கொடுத்ததும் பராமரிப்பதும் கடைக்காரர்தான். உள்ளே இருப்பது ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ, 2021 அக்டோபரில் வெளிவந்த பலகை. ரேம் 512 எம்பி. கூடவே ஒரு தொடுதிரை, ஒரு பேட்டரி, தராசுக்குப் போகும் ஒரு கேபிள். ஹார்ட் டிஸ்க் கிடையாது. லினக்ஸ், கணக்கு மென்பொருள், விவசாயிகளின் பெயர்ப் பட்டியல், அன்றன்றைய எடை எல்லாமே ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில். பள்ளத்தில் இருக்கும் ஊர்களில் சிக்னல் எடுக்காது என்பதால், வண்டி மேலே ஏறி வரும்வரை அந்தக் கார்டுதான் ஒரே சாட்சி.

கார்டுக்குள் இருப்பது நாண்ட் ஃபிளாஷ். இதில் படிப்பது சுலபம், எழுதுவது கொஞ்சம் சிரமம், எழுதியதன் மேலேயே திருத்தி எழுதுவதோ முடியவே முடியாது. சிலேட்டில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு முழுச் சிலேட்டையும் துடைத்தாக வேண்டும் என்று ஒரு வாத்தியார் விதி வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. எழுதும் அலகு கிலோபைட் கணக்கில், அழிக்கும் அலகான பிளாக் மெகாபைட் கணக்கில். ஒவ்வொரு அழிப்பும் செல்லின் காப்பு அடுக்கைச் சற்றே சேதப்படுத்துகிறது. ஒரு செல்லில் ஒரே பிட் வைத்த எஸ்எல்சி வகை ஏறத்தாழ 1,00,000 அழிப்புகளைத் தாங்கியது. இரண்டு பிட் வைக்கும் எம்எல்சி சில ஆயிரம் தாங்கும். மூன்று பிட்டைத் திணிக்கும் டிஎல்சிக்கு ஆயிரம் சொச்சம்தான். கார்டு விலை இறங்கிய வரலாறும் கார்டு ஆயுள் இறங்கிய வரலாறும் ஒன்றுதான். பெட்டியின் மேல் ஜிபியைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள், அழிப்பு எண்ணிக்கையை அநேகமாக யாரும் அச்சடிப்பதில்லை.

ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 32 ஜிபி கார்டு 1,000 அழிப்புகளைத் தாங்கும் என்றால் மொத்தம் 32 டெராபைட் எழுதலாம். ஆனால் 4 கிலோபைட்டை மாற்றுவதற்காகக் கார்டின் கன்ட்ரோலர் சில்லு பெரிய பிளாக் ஒன்றையே இடம்மாற்ற வேண்டியிருக்கும். அதனால் உள்ளே நடக்கும் எழுத்து பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைப்பது 3.2 டெராபைட். ரேம் போதாத கருவி, அதில் கொள்ளாததைக் கார்டில் ஒதுக்கிய ஸ்வாப் இடத்தில் விநாடிக்கு 5 எம்பி வீதம் ஓயாமல் எழுதுகிறது என்றால் ஒரு நாளைக்கு 432 ஜிபி. எட்டாவது நாள் கார்டின் கதை முடிந்தது, அதில் 28 ஜிபி காலியாக இருக்கும்போதே. நிஜத்தில் எந்தக் கருவியும் இருபத்து நான்கு மணி நேரமும் இப்படி எழுதாது. ஆனால் போகும் திசை இதுதான்.

இந்தக் கணக்கை அவருக்கு உறைக்க வைத்தது ஒரு மழைக்கால வழக்கு. இலை வண்டி டிரைவர் காலையிலேயே பெட்டியோடு வந்து நின்றார். "அண்ணா, நேத்து சாயங்காலம் போட்ட கணக்கு ஒண்ணுமே இல்ல. முந்தாநாள்லயே நிக்குது. ரசீதெல்லாம் அடிச்சுக் குடுத்துட்டேன்." யாரோ அழித்திருக்கிறார்கள் என்பது டிரைவரின் சந்தேகம். டிரைவரே அழித்திருக்கலாம் என்பது வியாபாரியின் சந்தேகம்.

கடைக்காரர் ஒரு சோதனைப் பதிவு போட்டார். திரையில் வந்தது. பட்டியலிலும் இருந்தது. கருவியை அணைத்து ஏற்றினார். பதிவைக் காணோம். ஒரு பழைய கோப்பை அழித்துப் பார்த்தார். அழிந்தது. அணைத்து ஏற்றியதும் அது மறுபடி இருந்தது. கார்டை முழுதாக ஃபார்மட் செய்ய முயன்றார். வெற்றி என்றது லேப்டாப். கழற்றிச் செருகினால் பழைய லினக்ஸ் அப்படியே துவங்கியது. பேய் பிடித்த கார்டு என்று கடைப் பையன் சிரித்தான்.

பேய் இல்லை. தேய்ந்தவற்றுக்குப் பதிலாக வைத்திருந்த மாற்றுப் பிளாக்குகள் தீர்ந்துபோன கன்ட்ரோலர், இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று எழுதுவதை நிறுத்திவிடுகிறது. சில கார்டுகள் யோக்கியமாகப் பிழை என்று சொல்லிவிடும். சில கார்டுகள் எழுதியாயிற்று என்று தலையாட்டிவிட்டு எழுதாமல் விட்டுவிடும். லினக்ஸ் தான் எழுதியதன் பிரதியை ரேமில் வைத்திருப்பதால், கருவி ஓடிக்கொண்டிருக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். அணைத்தால்தான் குட்டு உடையும். இப்போது சந்தேகப்படும் எந்தக் கார்டிலும் அவர் ஒரு கோப்பை எழுதி, அதன் செக்சம் குறித்துக்கொண்டு, கார்டைக் கழற்றி மாட்டி மறுபடி செக்சம் பார்க்கிறார். ரேமில் இருக்கும் பிரதி இந்தச் சோதனையில் பொய்சாட்சி சொல்ல முடியாது. அந்த நாளின் எடைகள் என்ன ஆயின என்றால், விவசாயிகள் பத்திரமாக வைத்திருந்த ரசீதுகளை வாங்கி வந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார்கள். காகிதம் ஜெயித்தது. டிரைவர் மீதிருந்த பழியும் நீங்கியது.

அந்தக் கார்டை அரித்தது இலைக் கணக்கு அல்ல. ஒரு வண்டி ஒரு நாளில் போடும் ரசீதுகளையெல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல புகைப்படத்தின் அளவு வராது. வேறொருவர் எழுதிக் கொடுத்த மென்பொருள், திரையைக் காட்டுவதற்காகக் குரோமியம் பிரவுசரையே முழுத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தது. 512 எம்பி ரேமுக்கு அது தாங்காத பாரம். ரேமில் இடம் இல்லாதபோது லினக்ஸ் அதிகம் தொடாத பக்கங்களை, 4 கிலோபைட் 4 கிலோபைட்டாக, கார்டில் உள்ள ஸ்வாப் கோப்புக்குத் தள்ளும். தேவைப்பட்டால் திரும்ப எடுக்கும். ராஸ்பெர்ரி பையின் சொந்த லினக்ஸில் நெடுங்காலம் 100 எம்பி ஸ்வாப் கோப்புதான் வழக்கம். அந்த மென்பொருளை நிறுவியவர் அதை 2 ஜிபி ஆக்கி வைத்திருந்தார். கருவி நிற்காமல் ஓடியது. கார்டு கரைந்தது.

இதற்குச் சுலபமான மருந்தாகப் பலர் சொல்வது, ஸ்வாப்பை மொத்தமாக அணைத்துவிடு என்பது. கடைக்காரருக்கு இது உடன்பாடில்லை. ஸ்வாப் இல்லாத நிலையில் ரேம் தீர்ந்தால் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் இறங்கும். நினைவகத்தை அதிகம் தின்னும் நிரலாகப் பார்த்துக் கொன்றுவிடும். இலை எடை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அது எடை மென்பொருளாகவே இருக்கலாம். ஒவ்வொரு நிரலுக்கும் மைனஸ் 1000 முதல் 1000 வரை ஒரு கொல்லும் மதிப்பெண் திருத்தம் உண்டு. எடை மென்பொருளுக்கு மைனஸ் 1000 கொடுத்து வைத்தால் அதைத் தொடாது. அவர் அதையும் செய்கிறார். ஆனாலும் ஒரு சிறிய மெத்தை இல்லாமல் கருவியை வண்டியில் அனுப்ப அவருக்கு மனம் வருவதில்லை.

அந்த மெத்தையை அவர் ரேமிலேயே போடுகிறார். ஸீரேம் என்று ஒரு வசதி லினக்ஸ் கெர்னலில் 3.14 பதிப்பிலிருந்து, அதாவது 2014 முதல், முறையாக இருக்கிறது. ரேமின் ஒரு பகுதியையே ஸ்வாப் போலக் காட்டும். அதற்குள் போகும் பக்கங்களைச் சுருக்கி வைக்கும். பெரும்பாலான பக்கங்கள் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருங்கும். சுருக்குவதற்குக் கொஞ்சம் புராசஸர் வேலை, அவ்வளவுதான் செலவு. கார்டில் ஒரு பைட்கூட எழுதப்படாது. 256 எம்பி ஸீரேமுக்கு முதல் முன்னுரிமை, கார்டில் 100 எம்பி ஸ்வாப் கோப்புக்குக் கடைசி முன்னுரிமை என்று அவர் வைக்கிறார். கார்டு ஸ்வாப்பைத் தொடும் நாள் என்றால், அன்று எங்கோ ஒரு நிரல் கிறுக்குப் பிடித்து ஓடுகிறது என்று அர்த்தம். லாகில் அது தெரியும்படி செய்திருக்கிறார்.

எவ்வளவு தாராளமாக ஸ்வாப்புக்குத் தள்ளலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஸ்வாப்பினஸ் என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இயல்பாக 60. கார்டைக் காப்பாற்ற 10 ஆகக் குறை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லப்படும் அறிவுரை, கார்டில் ஸ்வாப் இருந்தால் நியாயமானது. ஸீரேம் போட்ட பிறகும் அதே 10-ஐ விட்டுவைத்தால் போட்ட பலனே குறைந்துவிடும். சுருக்கப்பட்ட ரேமுக்குத் தள்ளுவதில் தயக்கம் தேவையில்லை, எண்ணை 100 அல்லது அதற்கு மேல் வைக்கலாம். கெர்னல் 5.8 முதல் 200 வரை அனுமதி உண்டு. பழைய அறிவுரை புதிய ஏற்பாட்டில் தலைகீழாகிவிட்ட இடம் இது.

இன்னொரு வீண் பயமும் உண்டு. ஸ்வாப்பில் 80 எம்பி நிரம்பியிருக்கிறது என்று பார்த்ததுமே பதறுகிறவர்கள். நிரம்பியிருப்பது குற்றமல்ல. எப்போதோ தள்ளப்பட்டு, யாரும் கேட்காமல் அங்கேயே தூங்கும் பக்கங்கள் அவை. விஎம்ஸ்டாட் கட்டளையை விநாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு, உள்ளே வருவதும் வெளியே போவதும் காட்டும் அந்த இரண்டு நெடுவரிசைகளை அவர் பார்க்கிறார். அங்கே பூஜ்யமாக இருந்தால் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்கள் குதித்துக்கொண்டே இருந்தால் ஆபத்து.

ஸ்வாப்பின் குணத்தை அவர் படித்தது ராஸ்பெர்ரி பையில் அல்ல. சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய நோக்கியா என்900-இல். 2009 நவம்பரில் வந்த அந்தக் கருவி சட்டைப்பை அளவுள்ள முழு லினக்ஸ் கணினி. ரேம் 256 எம்பிதான். நோக்கியா விளம்பரத்திலோ 1 ஜிபி பயன்பாட்டு நினைவகம் என்று வந்தது. மீதி 768 எம்பி, உள்ளிருக்கும் 32 ஜிபி இஎம்எம்சி ஃபிளாஷில் ஒதுக்கிய ஸ்வாப். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. லினக்ஸின் வேர்க் கோப்பகம் வெறும் 256 எம்பி தனி ஃபிளாஷில் இருந்தது. 32 ஜிபி வைத்துக்கொண்டு இடமில்லை என்று அந்தக் கருவி புலம்பிய கதை, இரண்டு மூன்று மென்பொருள் நிறுவிய எல்லோருக்கும் தெரியும். பெரிய கோப்புகளையெல்லாம் இஎம்எம்சிக்குள் இருக்கும் ஆப்ட் கோப்பகத்துக்கு மாற்றி வைத்து மென்பொருள்களைக் கட்ட வேண்டியிருந்தது.

பயனர் கோப்புகளும் ஸ்வாப்பும் ஒரே இஎம்எம்சியில் முட்டிக்கொள்வதால் ஸ்வாப்பை மைக்ரோ எஸ்டி கார்டுக்கு மாற்றுவது அந்தக் கருவிக்காரர்களிடையே பழகிய வித்தை. வேகம் கூடும்தான். ஆனால் என்900-இன் பின்மூடியில் ஒரு காந்தம் உண்டு. மூடியைத் திறந்தால் கருவி உணர்ந்துகொண்டு கார்டை விடுவிக்கப் பார்க்கும். அந்தக் கார்டில் ஓடும் நிரல்களின் நினைவு பாதி கிடக்கும்போது மூடி திறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கார்டைக் கழற்றும் முன் ஸ்வாப்பை நிறுத்து என்ற பழக்கம் கடைக்காரருக்கு அந்தக் கருவியில்தான் வந்தது.

இன்று அவர் கடைக்கு வரும் செல்போன்களின் பெட்டியில் 8 ஜிபி கூட்டல் 8 ஜிபி என்று எழுதியிருக்கிறது. விர்ச்சுவல் ரேமாம். என்900 விளம்பரத்தின் பேரப்பிள்ளை. உள் ஃபிளாஷில் ஒதுக்கிய ஸ்வாப்புக்குப் புதுச் சட்டை. இதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறார். எல்லோரும் கேட்பதில்லை. ஆண்ட்ராய்ட் 4.4-லிருந்தே, 512 எம்பி ரேம் கொண்ட மலிவு போன்களுக்காக ஸீரேம் ஆதரவு உள்ளே இருக்கிறது. விளம்பரமே இல்லாமல் உழைக்கும் வசதி அது.

சுற்றுலா வரும் பிள்ளைகள் கையில் இன்னொரு வகை. ஆன்பெர்னிக் ஆர்ஜி351பி போன்ற பழைய விளையாட்டுகளுக்கான கையடக்கக் கருவிகள். அவையும் மைக்ரோ எஸ்டியில் துவங்கும் லினக்ஸ்தான், ரேம் 1 ஜிபி. கூட வரும் பெயரில்லாக் கார்டு செத்ததும் கருவியே செத்துவிட்டதாக நினைத்துக் கொண்டுவருகிறார்கள். புதுக் கார்டு, பழையதிலிருந்து எடுக்க முடிந்த சேமிப்புக் கோப்புகள், அரை மணி நேர வேலை. எடுக்க முடியாமல் போனால் பெரியவர்களை விட அந்தப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவதுதான் கடினம்.

போலிக் கார்டு தனிப் பாடம். 128 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும் கார்டுக்குள் 8 ஜிபி சில்லு இருக்கும். பொய் அளவைச் சொல்லுமாறு கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். எட்டு ஜிபி வரை ஒழுங்காக வேலை செய்யும், அதற்கு மேல் எழுதியது காற்றில் போகும், அல்லது முன்னே எழுதியதன் மேலேயே ஏறும். எஃப்3 என்ற கட்டற்ற மென்பொருள் கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். புதுக் கார்டு எதையும் இந்தச் சோதனை முடியாமல் அவர் கருவியில் போடுவதில்லை. ஒரு சுற்று எழுத்து வீணாகிறதே என்றால், அந்த ஒரு சுற்று கொடுத்து வாங்கும் நிம்மதி பெரிது. வேகக் குறிகளில் அவர் பார்ப்பது ஏ1 என்ற முத்திரையை: விநாடிக்கு 1,500 சிறு படிப்புகள், 500 சிறு எழுத்துகள் என்பது அதன் உத்தரவாதம். வீடியோவுக்கான வேகக் குறி, லினக்ஸ் துவங்கும் கார்டுக்கு அவ்வளவாக உதவாது. லினக்ஸின் வேலை சில்லறை வேலை.

இடம் உண்மையிலேயே தீர்ந்த வழக்குகளும் வரும். பெரும்பாலும் குற்றவாளி லாக் கோப்பகம், இல்லையென்றால் நிறுவி முடித்த பின்னும் கிடக்கும் மென்பொருள் பொதிகள். கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளையில் கணக்குப் பார்த்தால் 3 ஜிபி, கார்டில் பிடித்த இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளையில் 9 ஜிபி என்று முரண்பட்டால், அழிக்கப்பட்ட லாக் கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நிரலை மறுபடி துவக்கினால் இடம் வந்துவிடும். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை இயல்பாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கு ஒதுக்கிவிடுகிறது, 32 ஜிபியில் அது ஏறத்தாழ 1.6 ஜிபி. அதை 1 சதவீதமாக்குவது ஒரு வரி வேலை. கருவியின் லாகுகளை அவர் ரேமில் உள்ள தற்காலிகக் கோப்பகத்துக்கு மாற்றி, மாலையில் ஒருமுறை மட்டும் கார்டில் இறக்குகிறார். கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்கும் வேலையை நோஅடைம் போட்டு நிறுத்துகிறார். இலை எடை மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு ரசீதும் அடித்த கணமே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில், கார்டில், எழுதி உறுதியாக வேண்டும். எழுத்தை மிச்சம் பிடிப்பதே அதற்காகத்தான்.

கார்டின் பார்ட்டிஷனை அவர் கடைசி வரை நீட்டுவதில்லை, சில ஜிபியைச் சும்மா விடுகிறார். இரண்டு 32 ஜிபி கார்டுகள் சரியாக ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்றின் நகலை இன்னொன்றில் இறக்கும்போது சில மெகாபைட் போதாமல் கடைசியில் நின்றுவிடும். மாதிரி நகல் ஒன்று லேப்டாப்பில், தயாராக ஒரு உபரிக் கார்டு ஒவ்வொரு வண்டியின் டாஷ்போர்டிலும். பனியிறங்கும் மாதங்களில் செருகியின் தொடுமுனைகளில் ஈரம் படிந்து கார்டே தெரியாமல் போவதுண்டு. அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். கார்டை மாற்றும் முன் அதைச் செய்து பார்க்கச் சொல்லி டிரைவர்களைப் பழக்கியிருக்கிறார்.

கையடக்க லினக்ஸ் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து 2001-இல் காட்டிய சிம்ப்யூட்டர், ஸ்டிராங்ஆர்ம் சில்லில் ஓடிய லினக்ஸ். 2004 ஏப்ரலில் அமிடா என்ற பெயரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாகச் சந்தைக்கு வந்தபோது 64 எம்பி ரேம், 32 எம்பி ஃபிளாஷ். ஒரு கிராமமே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டில் அவரவர் தகவல் என்பது அதன் திட்டம். வியாபாரத்தில் அது தோற்றது. அந்தக் காலத்துக் கையடக்க லினக்ஸ்களில் ஜேஎஃப்எஃப்எஸ்2 போன்ற கோப்பு முறைகள் ஃபிளாஷை நேரடியாகக் கையாண்டன. எந்தப் பிளாக் எப்போது அழிகிறது என்பது கெர்னலுக்கே தெரியும். எஸ்டி கார்டில் அந்த ரகசியம் கன்ட்ரோலரோடு போய்விட்டது. எத்தனை அழிப்பு மிச்சம் என்று பெரும்பாலான கார்டுகளிடம் கேட்கவே வழியில்லை. வசதிக்குக் கொடுத்த விலை இது, அதிக விலை என்பது கடைக்காரரின் கட்சி.

கேட்க வழியில்லாததால் அவர் தேதியை நம்புகிறார். கருவியில் போடும் ஒவ்வொரு கார்டின் முதுகிலும் மாதமும் வருடமும் மார்க்கரால் எழுதப்படுகிறது. வருடம் ஒன்று ஆனால், நன்றாக இருக்கிறதோ இல்லையோ, எடை வேலையிலிருந்து ஓய்வு. வியாபாரிக்கு முதலில் இது அநியாயச் செலவாகத் தெரிந்தது. ரசீது சேகரித்து மறுபடி ஏற்றிய அந்த வாரத்துக் கூலியைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு பேச்சில்லை. ஓய்வு பெற்ற கார்டுகளைக் கடைக்காரர் எறிவதும் இல்லை. படிப்பதால் அவை தேயப்போவதில்லை என்பதால் படுகர் பாட்டுகளையும் இளையராஜாவையும் நிரப்பி இலை வண்டிகளின் பாட்டுப் பெட்டிக்குக் கொடுத்துவிடுகிறார். "புதுப் பாட்டு ஏத்திக் குடுங்கண்ணா" என்று டிரைவர்கள் கேட்டால் மட்டும் கொஞ்சம் இழுத்தடிப்பார்.